குறையைச் சொல்லி விற்றவள்

வீடு பார்க்க வந்த அன்றைக்கே என் வீட்டுச் சுவரில் அம்புக்குறி ஒட்டியவள் அவள்.

எங்கள் பனியன் ஊரில், ராயபுரத்தில் எனக்கு வரிசையாக ஐந்து வீடுகள். என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வாடகைதான் எனக்குச் சோறு. யார் வீடு பார்க்க வந்தாலும் முதலில் வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள், அப்புறம் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். இவள் ஒன்றையும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அது நிறைய விரல் நகத்தளவில் சிவப்பு அம்புக்குறிகள். ஒவ்வொன்றாக உரித்து, சுவரில் விரிசல் விட்ட இடத்தில் ஒன்று, ஒழுகுகிற குழாயில் ஒன்று, சரியாக விழாத தாழ்ப்பாளில் ஒன்று, ஓட்டுக்குக் கீழே மழைத்தண்ணீர் இறங்கிய கறையில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போனாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏங்கண்ணு, ஊடு பாக்க வந்தியா, கொறை பாக்க வந்தியா?"

"ரெண்டும்தான் ஆச்சி. நாளைக்கு நாங்க காலி பண்ணும்போது இதெல்லாம் நாங்க பண்ணுனதுன்னு நீங்க சொல்லிரப்படாதுல்லா?"

அதோடு விட்டாளா என்றால் இல்லை. எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் சனிக்கிழமை குடிப்பாராம், ஆனால் சத்தம் போடாமல் வந்து படுத்துவிடுவாராம். அவளுக்கு வாய் நிற்காதாம். மகள் மட்டும் நல்ல பிள்ளையாம். பின்னால் நின்ற அவள் வீட்டுக்காரர் எங்கள் வேப்பமரத்தில் காக்காய் எத்தனை என்று பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு குடும்பத்துக்கு யாராவது வீடு கொடுப்பார்களா? நான் கொடுத்தேன். எத்தனையோ பேர் என் வீடுகளில் இருந்து போயிருக்கிறார்கள். சொல்லாத குறையெல்லாம் பின்னால் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும். இவளிடம் வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குப் பட்டது.

அவளுடைய ஊர் தெற்கே, கடற்கரைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வெள்ளை உடுத்திக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்கள். மற்ற நாளெல்லாம் பனியன் கம்பெனி. வீட்டுக்காரர் டெய்லர். அவள் செக்கிங். தைத்து வரும் துணியை டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குறை கண்ட இடத்தில் அம்புக்குறி ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும். நாள் பூராவும் அதைச் செய்தவளுக்குக் கம்பெனி வாசலைத் தாண்டினாலும் கண் மாறவில்லை. எங்கள் வரிசையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவள் பெயரை இங்கே எழுதவில்லை.

பண்டிகை நோம்பிக்கு நான் ஒப்பிட்டு, அதுதான் தேங்காய்ப் போளி, சுட்டுக் கொடுத்தால் மற்றவர்கள் எல்லாம் அமிர்தம் என்பார்கள். இவள் ஒரு வாய் மென்றுவிட்டு, தேங்காய் நேற்று உடைத்ததா ஆச்சி என்பாள். நேற்று உடைத்ததுதான். அடுத்த வருஷத்திலிருந்து அன்றன்றைக்கு உடைத்தேன். அவளுக்குப் பயந்து இல்லை. அவள் நல்லாயிருக்கிறது என்று சொன்னால் அது நல்லாயிருக்கும், அதனால்தான்.

ஒரு வருஷம் அமெரிக்காக்காரன் ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. கம்பெனிகளில் ஷிப்டைக் குறைத்தார்கள். முதலில் கைவைத்தது செக்கிங்கில்தான். அவளுக்கு வேலை போயிற்று. வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இருந்தது, மீதி நாள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் பழைய பேப்பர் கடைக்குச் சாமான் போடப் போனவள், திரும்பும்போது ஒரு கட்டுப் புத்தகத்தோடு வந்தாள். சின்னக் குழந்தைகள் பார்க்கிற இங்கிலீஷ் படப் புத்தகங்கள். அட்டை மாதிரி கெட்டியான தாள், கண்ணைப் பறிக்கிற வண்ணம். கம்பெனி முதலாளிகள் ஆர்டர் பிடிக்க வெளிநாடு போய்விட்டு வரும்போது பிள்ளைகளுக்கு வாங்கி வருவார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் பேப்பரோடு பேப்பராக எடைக்குப் போய்விடும். அதை எடைக்கே வாங்கி வந்திருந்தாள்.

"இதை யாரு வாங்குவா கண்ணு?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டா பெங்களூர்க்காரங்க வாங்குவாங்க ஆச்சி. எங்க சூப்பர்வைசர் பழைய கேமராவை அதுலதான் வித்தாரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. மெயின் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் போட்டாள். படம் எடுக்க, கேமரா வைத்த பழைய செல்போன் ஒன்று வாங்கினாள். புத்தகத்தோடு பொம்மையும் சேர்ந்தது. வாங்குகிறவர் பேங்கில் பணம் கட்டியதும் கூரியரில் அனுப்புவாள்.

அவளுக்கு வந்த இங்கிலீஷ் செக்கிங்கில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ்தான். அதையே எழுதினாள். "டால். ஹேர் ஓக்கே. லெஃப்ட் ஹேண்ட் லூஸ். பேக் சைடு ஒன் இங்க் ஸ்டெயின். வாஷ் டன்." எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள். படமும் அப்படித்தான். பொம்மையின் சிரித்த முகத்தை ஒன்று எடுத்தால், கறையையும் கீறலையும் அம்புக்குறி ஒட்டி மூன்று நான்கு எடுப்பாள். வரிசையில் எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி, ஏனக்கா, மாப்பிள்ளைக்குச் சொட்டைத் தலையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவீங்களா என்று கேட்டாள். சொட்டையையும் எடுக்கணும், அப்பத்தான் கல்யாணத்துக்கு அப்புறம் சண்டை வராது என்று இவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கேலி செய்தவர்கள் வாயை மூடும்படி அந்தச் சாமான் விற்றதா என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்றது. ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒரு தரம் வாங்கினவர்கள் அடுத்தது என்ன இருக்கிறது என்று போன் பண்ணிக் கேட்டார்கள்.

எனக்கும் அதில் பங்கு உண்டு. துணி இல்லாமல் வருகிற பொம்மைகளுக்கு, கம்பெனியில் வெட்டிப் போட்ட பனியன் துண்டுகளில் நான் கவுன் தைத்துக் கொடுப்பேன். கையால்தான் தைப்பேன். எலாஸ்டிக் வைத்து, கழுத்தில் ஒரு பூ வைத்து, அத்தனை அழகாக இருக்கும். முதல் கவுனைப் போட்டுப் படம் எடுத்தவள் கீழே என்ன எழுதினாள் தெரியுமா? டிரஸ் ஒரிஜினல் இல்லை, வீட்டில் தைத்தது. நான் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. அந்தப் பொம்மையை வாங்கின அம்மாள், வீட்டில் தைத்த கவுன் வேறு இருந்தால் தனியாக அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். அதைச் சொல்ல இவள் என் வாசலுக்கு வந்து நின்றாள். எனக்கு முன்னமே தெரியும் என்கிற மாதிரி நான் முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டேன்.

அவள் தப்பே செய்யாதவள் இல்லை. செய்த தப்பும் ஒரு செக்கிங்காரி மட்டும் செய்யக்கூடிய தப்பு. யானைப் படப் புத்தகம் ஒன்று வந்தது. பக்கத்துக்குப் பக்கம் யாரோ குழந்தை கிறுக்கியிருந்ததால் பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறி ஒட்டினாள். படம் எடுத்து முடித்து ஒன்றை உரித்தாள் பாருங்கள், யானையின் கண் அதோடு வந்துவிட்டது. துணியில் ஒட்டினால் தடம் தெரியாமல் வருகிற பசை, தாளில் படத்தையே பிய்த்துக்கொண்டு வருகிறது. குறையைக் காட்டப் போய்க் குறையை உண்டாக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் யானைக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் உரிக்காமல் அப்படியே விட்டாள். மறுபடி படம் எடுத்து, யானைக் கண் சேதாரம் என் வேலை என்று எழுதி, விலையைக் குறைத்தாள். அதற்குப் பிறகு புத்தகங்களுக்கு மட்டும் தாளில் வெட்டிய அம்புக்குறியைப் பசை இல்லாமல் சும்மா வைத்துப் படம் எடுத்தாள்.

பழைய சாமான் கேட்டு வீடுகளுக்குப் போகும்போது யாராவது, பாவம், ஏழைக் குழந்தைகளுக்கா கொண்டு போகிறாய் என்று கேட்டால் உடனே திருத்துவாள். விற்கத்தான் வாங்குகிறேன், வாங்கின விலைக்கு மேலே வைத்துத்தான் விற்கிறேன் என்பாள். அதற்காகவே சிலர் ஓசியில் கொடுக்க எடுத்த சாமானைத் திரும்பி உள்ளே வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று நானே கேட்டிருக்கிறேன்.

"மறைச்சா லாட்டே திரும்பி வந்துரும் ஆச்சி" என்பாள். கம்பெனியில் ஒரு பெட்டியில் குறையை மறைத்து அனுப்பி, கப்பலில் போன சரக்கு மொத்தமும் திரும்பி வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

சித்திரை பிறந்ததும் அவள் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். இந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்துகொள்கிறோம் என்றார். ஊரில் அவர் தம்பி உப்பளத்தில் வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாராம். தம்பி வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொள்ளலாமாம். அவள் பின்னாலேயே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கொழுந்தன் வீட்டுச் சமையற்கட்டில், கொழுந்தன் பெண்டாட்டி அளந்து போடுகிற அரிசியில் பொங்கித் தின்ன அவளால் முடியாது. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள், நடுவில் பள்ளிக்கூடம் மாற்றினால் அவளும் கெட்டுப்போவாள். என் எதிரிலேயே பேசினார்கள்.

"இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள என் தொழில் வாடகையையும் அரிசியையும் தூக்கலைன்னா நானே மூட்டை கட்டுதேன்" என்றாள்.

"பொம்மை வித்தா?" என்றார் அவர்.

"பொம்மை வித்துத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? கணக்குப்படி பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. ஒன்று இரண்டாக விற்கிற சாமான் வாடகையைத் தூக்காது.

கோயமுத்தூரில் புதிதாக ஒரு பிளே ஸ்கூல் திறக்கப் போகிறவர்கள் அவளுக்கு போன் பண்ணினார்கள். ஓர் அறை நிறையச் சாமான் வேண்டும், ரயில், கட்டைகள், புத்தகம், எல்லாம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அது கிடைத்தால் அவள் பிழைத்தாள். ஆனால் கையில் அவ்வளவு சரக்கு இல்லை. ஊரெல்லாம் விசாரித்தாள்.

பல்லடம் ரோட்டில், அருள்புரத்தைத் தாண்டி ஒரு கம்பெனிக்காரர் வீடு. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அந்த வீட்டு மருமகள் என்னை அத்தை என்று கூப்பிடும். பிள்ளைகள் இரண்டும் ஊட்டியில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டதால், மாடி அறை நிறையச் சாமான் கிடக்கிறது, யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று அந்த மருமகள் சொன்னதாகக் காதில் விழுந்தது. இவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

அந்த அறையைப் பார்க்க வேண்டுமே. மரத்தில் செய்த ரயிலும் தண்டவாளமும், ஆளுயரத்துக்கு ஒரு பொம்மை வீடு, சமையல் சாமான், கட்டைகள், அலமாரி முழுக்கப் புத்தகம். கோயமுத்தூர்க்காரர்கள் கேட்டது மொத்தமும் அங்கே இருந்தது. இவள் ஒரு சுற்றுப் பார்த்தாள். மருமகள் ஆள் விட்டு இறக்கித் தருகிறேன் என்றது.

"சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க. அநாதைக் கொழந்தைங்களுக்குத்தானுங்களே? புண்ணியமாப் போகுது."

நான் இவள் கையைத் தொட்டேன். அந்த ஒரு தரமாவது சும்மா இருக்கட்டும் என்று. என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"இல்லம்மா. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லை. நான் விக்கத்தான் எடுக்கேன். லாபம் வைச்சுத்தான் விப்பேன். நீங்க ஒரு விலை சொல்லுங்க."

மருமகளின் முகம் மாறிவிட்டது. பொம்மை வீட்டின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டது.

"எங்கூட்டுக் கொழந்தைங்க வெளையாண்டதை விலைக்கு விக்கற நெலைமைல நாங்க இல்லீங்க. அத்தை, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

எங்கள் பக்கத்தில் கொடுத்தோம் என்று சொன்னால் பெருமை. வீட்டுச் சாமானை விற்றோம் என்றால் நொடித்துப் போனார்கள் என்று பேசுவார்கள். அது அந்தப் பெண்ணின் குற்றமில்லை. இறங்கி வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். இவள் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏம்மா, உங்க கம்பெனியில ரிஜெக்ட் ஆன பீஸை என்ன செய்யுதீங்க? ஓசியிலயா குடுத்துருதீங்க? செகண்ட்ஸ்னு சொல்லி கடைக்குப் போடுதீங்கள்லா. அந்தக் காசை யாரும் கேவலம்னு சொன்னதில்லையே. நான் விக்கதும் செகண்ட்ஸ்தான். செகண்ட்ஸ்னு சொல்லித்தான் விக்கேன்."

மருமகள் உள்ளே போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது இவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாம இங்கேயே இருந்திருக்கலாம்லா என்று மட்டும் சொல்லிவிட்டு, பரணிலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் புரோக்கரிடம் சொல்லி வைத்தேன், மாதக் கடைசியில் ஒரு வீடு காலியாகிறது, நல்ல குடும்பமாக இருந்தால் கூட்டிவா என்று.

நாலைந்து நாள் கழித்து எங்கள் சந்துக்குள் ஒரு பெரிய கார் திரும்ப முடியாமல் திரும்பி வந்து நின்றது. இறங்கியது அந்த மருமகள். செக்கிங் அக்கா வீடு எது என்று கேட்டு நேராக அவள் வாசலுக்கே போனது. இவள் பொம்மை கழுவிக்கொண்டிருந்த ஈரக்கையோடு எழுந்தாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, முதல் வார்த்தையே, உங்க வீட்டு சார்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களாம்மா என்பதுதான்.

"சொல்லிட்டனுங்க. சிரிச்சாரு. சிரிச்சுட்டுப் போகட்டும்." மருமகள் அங்கிருந்த கவிழ்த்த வாளி மேலேயே உட்கார்ந்துகொண்டது. "எம் பேர்லதானுங்க கம்பெனி இருக்குது. போர்டுல எம் பேரு. காட்டற எடத்துல கையெழுத்துப் போடறதோட சரி. ஒரு பீஸ்கூட நான் நின்னு வித்ததில்லை. குடுக்கறது ஆருக்கும் வரும். எனக்கு வித்துப் பாக்கோணும்."

"அப்போ விலை சொல்லுங்க" என்றாள் இவள்.

அன்றைக்கு நடந்த பேரத்தை நான் மறக்க மாட்டேன். கார் மறுபடி அருள்புரம் போனது, நாங்கள் மூன்று பேரும் அந்த மாடி அறையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு சாமானாக எடுத்து வைத்தார்கள். இவள் குறையைச் சொல்லி விலையை இறக்குவாள். அந்தப் பெண் ஜெர்மனியில் வாங்கியது, பாருங்கள் வார்னிஷ் போகவில்லை என்று ஏற்றும். ரயிலில் ஒரு சக்கரம் ஆடுகிறது என்பாள். ஆடாத ஐந்து சக்கரத்தை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று அது மடக்கும். சமையல்காரம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறிப் போனது. மருமகள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு சம்மணம் போட்டுக்கொண்டது. அதன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கடைசியில், பேசின விலையை விற்ற பிறகு கொடுத்தால் போதும், அதற்கு மேல் வரும் லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது. கைமுதல் போடாமல் சரக்கு வந்தது இவளுக்கு லாபம். இவள் கையை நீட்ட, அந்தப் பெண் வியாபாரிகள் மாதிரியே அழுத்திப் பிடித்துக் குலுக்கியது.

கம்பெனி டெம்போவில் எல்லாம் வந்து இறங்கியபோது எங்கள் வாசலில் நடக்க இடமில்லை. தண்டவாளம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க, தரையில் ஒன்றோடொன்று கோத்து நீட்டிக்கொண்டே போனாள். கேலி செய்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரர் முதலில் தள்ளியே நின்றார். திருப்பத்தில் ஒரு துண்டு சரியாக உட்காரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆடின சக்கரத்தையும் அவரே முடுக்கினார்.

கோயமுத்தூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். இவள் தன் வழக்கப்படி ஒவ்வொரு குறையையும் கை வைத்துக் காட்டினாள். அவர்கள் பாதியிலேயே போதும்மா என்றார்கள், அவள் விடவில்லை, கடைசி வரைக்கும் காட்டிவிட்டுத்தான் விலையைச் சொன்னாள். மொத்தமும் போனது. மருமகள் தன் பங்கை வாங்க நேரில் வந்து, எங்கள் வரிசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அடுத்தது எங்கள் நாத்தனார் வீட்டிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது.

பிற்பாடு செக்கிங் அக்கா ஈரோட்டில் சொந்தமாகக் கடை வைத்துப் போனாள். அதெல்லாம் வேறு கதை. என் வீட்டில், என் வாசலில் ஆரம்பித்தது என்று நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வேன்.

அந்த மாதம் நடந்த கூத்தில் புரோக்கருக்குத் தகவல் சொல்ல நான் மறந்தே போனேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. சர்ச்சுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு அவள் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவரைத்தான் பார்த்தோம். சொல்ல வேண்டியவர் அவர்தான்.

புரோக்கர் அவரைப் பார்த்து, வீட்டை எப்பங்க ஒழிச்சுத் தர்றீங்க என்று கேட்டான்.

அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, பெட்டியின் மேல் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

"வீடு காலி இல்லைங்க. நாங்க இருக்கோம்" என்றார்.